ஒரு மணி நாற்பது நிமிடம் அதிகம்

முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு முதுகு வலிக்கும், முழங்கால் வலிக்கும். அதே வேலையை மாணவர் விசாவில் பார்க்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் வயிற்றையும் கலக்கும்.

ஏன் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மெல்போர்னிலும் சிட்னியிலும் தட்டு கழுவினவர்கள், பெட்ரோல் பங்க்கில் நின்றவர்கள், சூப்பர் மார்க்கெட்டில் அட்டைப்பெட்டி பிரித்து அடுக்கினவர்கள் எல்லோரும் என் கட்சிதான். மீதிப் பேருக்காக ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். நான் படிக்கப் போன 2010இல் விசாவோடு ஒரு நிபந்தனையும் வந்தது. வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு இருபது மணி நேரம்தான் வேலை செய்யலாம். விடுமுறையில் எவ்வளவு வேண்டுமானாலும் செய்யலாம். படிப்பு தொடங்கும் முன்னால் ஒரு நிமிடம்கூடச் செய்யக் கூடாது. மீறினால் விசா போகலாம். விசா போனால் படிப்பு போகும். படிப்பு போனால், கரூரில் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துவிட்டுக் காத்திருக்கும் அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே நான் வேலைக்குப் போவேன்.

ஊரில் நர்சிங் முடித்திருந்தேன். அங்கே பொதுச் சுகாதாரத்தில் மேல்படிப்பு. ஆஸ்திரேலியாவில் நர்ஸாகப் பதிவு செய்துகொள்ளாததால் முதியோர் இல்லத்தில் கேரர் வேலை கிடைத்தது. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டுவது, கூட நடப்பது. மெல்போர்னில் கிளென் வேவர்லி ரயில் போகும் வழியில் ஓர் இல்லம். அதில் ஞாபகமறதி உள்ளவர்களுக்கான தனிப் பகுதி, பதினான்கு பேர். கதவுக்கு ரகசிய எண் உண்டு.

வாரம் என்றால் என்ன?

முதல் நாள் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் யோகா அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர். அந்த இல்லத்தில் பத்து வருடத்துக்கு மேல் இருப்பவர். எங்கே கையுறை, எங்கே போர்வை, யார் யாரைப் பார்த்தால் அடிக்க வருவார் என்று காட்டிக்கொண்டே வந்தவர், பொருட்கள் வைக்கும் அறைக்குள் என்னை இழுத்துக் கதவைச் சாத்தினார். "ஸ்டூடன்ட் விசாவே?" என்றார். ஆமாம் என்றேன். "கிழமைக்கு இருபது. கிழமை எண்டால் எது, தெரியுமே?"

அவர் ஊர்ப் பேச்சில் கிழமை என்றால் வாரம். ஏழு நாள்தானே என்றேன். அதில்தான் விஷயம் இருந்தது. திங்கள் தொடங்கி ஞாயிறு வரைக்கும் ஒரு வாரம். எனக்கு முன்னால் இருந்த ஒரு நேபாளப் பெண், வேலைக்குச் சேர்ந்த வியாழக்கிழமையிலிருந்து வாரத்தை எண்ணிக்கொண்டிருந்தாளாம். கணக்கு எப்போதும் இருபதுதான் வந்தது. திங்களிலிருந்து எண்ணிப் பார்த்தபோது ஒரு வாரம் இருபத்தாறு. அவள் அன்றைக்கே வேலையை விட்டுவிட்டுப் போனவள்தான், பிறகு யார் போனையும் எடுக்கவில்லையாம். எனக்குக் கிடைத்த ஷிஃப்ட் செவ்வாய், வியாழன், சனி, ஞாயிறு, நாளுக்கு ஐந்து மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குச் சரியாக இருபது முடியும். ஒரு நிமிடம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர இடமில்லை. யோகா அக்கா என் ஷிஃப்ட் தாளைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"தங்கச்சி, கிழமை ஞாயிறோட முடியும். நீங்களும் ஞாயிறோட முடிஞ்சு போகாதேங்கோ."

ரெஜ் சாப்பிடும் நேரம்

பதினான்கு பேரில் எனக்கு அதிகம் ஒட்டிக்கொண்டவர் ரெஜ். எண்பத்து மூன்று வயது. நாற்பது வருடம் ரொட்டி சுட்டவர். விரல்கள் இன்னும் தடிமனாக இருக்கும். என் பெயர் நித்யா, அவருக்கு நித். சில நாள் அந்த நித்தும் மறந்துவிடும். ஆனால் வேலை மட்டும் மறக்காது. காலையோ மாலையோ, "மாவு பிசைய நேரமாச்சு, என் ஏப்ரன் எங்கே?" என்று கேட்பார். அவருக்குத் தொண்டையில் கோளாறு. தண்ணீரைக்கூடக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கரண்டிக்கும் விழுங்கினாரா என்று பார்த்துத்தான் அடுத்தது. அவசரப்படுத்தினால் புரையேறும். புரையேறினால் நுரையீரலில் சளி கட்டும்.

ஒரு ஞாயிறு அவர் மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளித் தள்ளி வைத்து, இரண்டே முக்காலுக்குத்தான் வாயைத் திறந்தார். மூன்று மணிக்குப் பாதிக் கிண்ணம்கூட முடியவில்லை. நான் எழுந்து போய் வருகைப் பதிவில் வெளியேறியதாகக் கை ரேகையை வைத்துவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்து மறுபடியும் கரண்டியை எடுத்தேன். சம்பளம் இல்லாமல் செய்தால் அது வேலை ஆகாது என்பது என் எண்ணம். யோகா அக்கா பார்த்துவிட்டார். பக்கத்தில் வந்து, சத்தம் போடாமல், கரண்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். காசு வாங்காவிட்டாலும், சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்கிற வேலையை நீ செய்தால் அதுவும் வேலைதான், விசா அலுவலகம் கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள் என்று விளக்கினார்.  இதற்கு முன் எந்த ஞாயிறாவது இப்படிப் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருக்கிறேனா என்று மனசுக்குள் தேடினேன். நல்லவேளையாக அதுதான் முதல் தடவை. நான் எழுந்து போவதை ரெஜ் வாயில் கரண்டியோடு பார்த்தார்.

"பாதியில் எழுந்து போகிறவளை நான் என் பேக்கரியில் ஒருநாளும் வேலைக்கு வைத்திருக்க மாட்டேன்."

கூல் ரூம்

வீட்டில் என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்டவள் சுபா, திருநெல்வேலிக்காரி. என்னைவிடத் தைரியசாலி. இருபது மணி நேரம் ஒரு துணிக்கடையில். அதற்கு மேல் எங்கேயும் பதிவில்லாமல் ஒரு சாப்பாட்டுக் கடையில். "எல்லாரும் செய்றாங்க, நீதான் பயந்து சாகுற" என்பாள். ஒரு வியாழக்கிழமை, கடையில் மத்தியானக் கூட்டம் இருக்கும்போது, கோப்பும் கழுத்தில் அடையாள அட்டையுமாக இரண்டு பேர் உள்ளே வந்து முதலாளியைக் கேட்டிருக்கிறார்கள். முதலாளி திரும்பி ஒரு பார்வை. அவ்வளவுதான். சுபா கையில் இருந்த வெங்காயத்தோடு கூல் ரூமுக்குள், அதாவது சரக்கு வைக்கும் குளிர்பதன அறைக்குள், போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளே தயிர் வாளிகளுக்கும் கோழிப் பெட்டிகளுக்கும் நடுவில் அரை மணி நேரம். மெல்லிய பருத்திச் சட்டை. பல் கிட்டிப்போய்விட்டது என்றாள். அந்த அரை மணி நேரத்தில் அம்மாவுக்கு என்ன சொல்வது, டிக்கெட்டுக்கு யாரிடம் கேட்பது, பெட்டியில் எதை எடுப்பது எதை விடுவது என்று ஊர் போய்ச் சேரும் வரைக்கும் யோசித்து முடித்துவிட்டாளாம். கடைசியில் கதவு திறந்தது. வந்தவர்கள் விசாக்காரர்கள் இல்லை. நகராட்சியின் உணவுச் சோதனை ஆட்கள். அவர்கள் பார்க்க வந்ததே கூல் ரூமைத்தான். சுபா அன்றைக்கு மாலையே அந்த வேலையை விட்டாள்.  எட்டாவது நாள்தான், கதவைத் திறந்த சோதனைக்கார அம்மாள் சொன்னதைச் சொன்னாள்.

"இந்த அறை எவ்வளவு குளிராக இருக்கிறது என்று பார்க்க நீ தேவையில்லை பெண்ணே, எங்களிடம் தெர்மாமீட்டர் இருக்கிறது."

விடுமுறை

செமஸ்டர் விடுமுறை வந்தால் கட்டு அவிழ்ந்துவிடும். இல்லத்தின் பொறுப்பு நர்ஸ் கிறிஸ்டின், விடுமுறை தொடங்குகிற அன்றைக்கே ஷிஃப்ட் தாளோடு என்னைத் தேடி வருவார். வாரத்துக்கு ஆறு நாள். சந்தோஷம் என்று நினைக்காதீர்கள். விடுமுறை எந்த நாளில் முடிகிறது என்பதைக் கல்லூரியின் பட்டியலில் பார்த்து, அச்செடுத்து, அலுவலகத்தில் முத்திரை வாங்கி, பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். வகுப்பு தொடங்கும் திங்கள் என்று நான் எண்ணியிருந்தது சரிதானா என்று மூன்று பேரிடம் கேட்டேன். மூன்று பேரும் ஒரே பதில் சொன்னார்கள். நான்காவதாக இன்னொருவரைக் கேட்டேன்.

தினமும் என்னையே பார்த்த ரெஜ், ஐந்தாவது நாள் என் கையைப் பிடித்து இழுத்து, காதருகே கேட்டார்.

"என்ன நித், உன்னை ஜாமீனில் விட்டிருக்கிறார்களா?"

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம்

2011இல் குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு. வகுப்பு நடந்துகொண்டிருந்த காலம். பகுதியில் யோகா அக்காவும் நானும். மூன்று மணிக்கு என்னிடமிருந்து பொறுப்பேற்க வேண்டிய பெண் தூரத்துப் புறநகரான வெரிபீயில் இருந்து வர வேண்டும். வழியில் கார் நின்றுவிட்டது என்று இரண்டரைக்குப் போன் வந்தது. கிறிஸ்டின் இல்லத்தின் மறுபக்கத்தில் ஒரு பாட்டியின் மூச்சுத் திணறலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தேநீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். பதினான்கு கோப்பை எடுத்து வைத்தேன். ஒரு கோப்பை மிஞ்சியது.

ரெஜ் அறையில் இல்லை. குளியலறையில் இல்லை. தோட்டத்தில் இல்லை. கட்டிலில் அவருடைய அரைக்கைச் சட்டை கிடந்தது. நல்ல கோட்டையும் தொப்பியையும் காணோம். யாரோ ஒரு குடும்பம் தங்கள் பாட்டியைப் பார்த்துவிட்டுக் கிளம்பியிருக்கிறது. கோட்டும் தொப்பியுமாகக் கூடவே வந்த பெரியவரை இன்னொரு பார்வையாளர் என்று நினைத்து, மரியாதையாகக் கதவைப் பிடித்துக்கொண்டு வழி விட்டிருக்கிறார்கள். கிறிஸ்டின் ஓடி வந்து போலீஸுக்குப் போன் போட்டார். யோகா அக்கா பதிமூன்று பேரை விட்டு நகர முடியாது. கிறிஸ்டின் அந்தப் பாட்டியை விட்டு நகர முடியாது. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி மூன்றடித்து ஒரு நிமிடம். கிறிஸ்டின் என்னைப் பார்த்து, "அவரைத் தேடப் போ என்று உனக்குச் சொல்ல எனக்கு உரிமை இல்லை நித்யா. உன் நேரம் முடிந்துவிட்டது" என்றார். வெளியே எட்டு டிகிரியோ ஒன்பது டிகிரியோ, மழை தூறிக்கொண்டிருந்தது. ரெஜ் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். கீழே விழுந்தால் உள்ளே ரத்தம் நிற்காது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் என் கால் நகரவில்லை. கரூரும் வங்கியும் அப்பாவும் கண் முன்னால் நின்றார்கள். யோகா அக்கா ஒரு கையால் ஒரு பாட்டியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"வீட்டை போறதெண்டால் போங்கோ, தேடுறதெண்டால் தேடுங்கோ. நிண்டு மணிக்கூட்டைப் பாக்காதேங்கோ."

பின்வாசல்

தேடப் போனேன். யோசித்து எடுத்த முடிவு என்று சொன்னால் பொய். கால் போயிற்று, நானும் போனேன். பேருந்து நிறுத்தம், பூங்கா, தேவாலய வாசல். எங்கும் இல்லை. ஏப்ரன் எங்கே, நேரமாச்சு என்று ரெஜ் காலையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் உறைத்தது. கடைத்தெருவில் வியட்நாமியக் குடும்பம் ஒன்று நடத்தும் ரொட்டிக்கடை உண்டு. ஓடினேன். கடைக்குள் வரிசையில் நாலைந்து பேர், ரெஜ் இல்லை. வெளியே வந்து நின்றபோதுதான் தோன்றியது: ரொட்டி சுடுகிறவன் எந்த ஊரில் முன்வாசல் வழியாக வேலைக்குப் போவான்? பின்சந்துக்குள் ஓடினேன்.

பிளாஸ்டிக் ட்ரேக்கள் அடுக்கிய இடத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தொப்பி ஒரு பக்கம். காதுக்கு மேல் கிழிந்து கோட்டுக் காலர் வரைக்கும் ரத்தம். என் ஸ்கார்ஃபை மடித்து அழுத்திப் பிடித்துக்கொண்டு கத்தினேன். கடைக்கார அம்மாள் மாவுக் கையோடு ஓடி வந்தார். ஆம்புலன்ஸுக்கு அவர்தான் பேசினார். ரெஜ்ஜுக்கு வலியைவிடக் கோபம்தான் அதிகம். "கதவைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள், மாவு புளித்துவிடும்" என்று திட்டிக்கொண்டே இருந்தார். பேச்சு குழறுகிறதா, கண்பாவை இரண்டும் ஒரே அளவா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தடவை பேசுவதை நிறுத்திக் கண்ணை மூடினார். என் உயிரே போய்விட்டது. "ரெஜ், எத்தனை டிகிரியில் சுடணும்? சொல்லுங்க ரெஜ்!" என்று உலுக்கினேன். கண்ணைத் திறந்து, இதுகூடத் தெரியாதா என்பது போலப் பார்த்தார்.

ஆம்புலன்ஸ் வந்தது. எப்போது விழுந்தார் என்று கேட்டார்கள். சந்தில் ட்ரே சரிந்த சத்தம் கேட்டபோது மணி மூன்றே கால், காற்று என்று நினைத்துவிட்டேன் என்றார் கடைக்கார அம்மாள், அழுகையோடு. நான் மாத்திரையின் பெயரையும் அளவையும் சொன்னேன். எழுதிக்கொண்டே அந்த ஆம்புலன்ஸ்காரர் என் சட்டையில் இருந்த இல்லத்தின் பெயரைப் பார்த்தார். "நீங்கள் டூட்டியில் இருக்கிறீர்களா?" என்றார். சாதாரணக் கேள்விதான்.  எனக்குப் பதிலாக ஸ்ட்ரெச்சரில் இருந்தவர் பதில் சொன்னார்.

"அவள் டூட்டியில் இல்லை, நான்தான் டூட்டியில் இருக்கிறேன், என்னைக் கீழே இறக்குங்கள்!"

ஊழியர் ஒருவர்

ஆஸ்பத்திரிக்குக் கூடவே போனேன். ரெஜ்ஜின் மகள் ஜூடித் வந்து சேர்ந்தபோது மணி நான்கு நாற்பது. அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வெளியே வந்து, பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். இருபது மணி நேரத்துக்கு மேல் ஒரு மணி நாற்பது நிமிடம். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. சுபா கேட்டதற்கு, தலைவலி என்றேன்.

மறுநாள் கிறிஸ்டின் கூப்பிட்டார். நடந்ததைப் பற்றி அறிக்கை எழுத வேண்டும். யார், எங்கே, எத்தனை மணிக்கு, எல்லாம். அவர் என்னை எதிரே உட்கார வைத்து, குரலைத் தாழ்த்தி, "கண்டுபிடித்தது யார் என்ற இடத்தில் 'ஊழியர் ஒருவர்' என்று போட்டுவிடலாம். நேரத்தை மூன்று மணிக்கு முன்னால் கொண்டுபோய்விடலாம். நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நான் சரி என்று தலையாட்டவும் தயாராக இருந்தேன். அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியில் இருந்து போன். ரெஜ்ஜின் மண்டைக்குள் சின்னதாக ரத்தக் கசிவு. விழுந்த நேரம் மூன்றே கால்தானா, அதற்கும் முன்னாலா, அவரைக் கடைசியாக நல்ல நிலையில் பார்த்தது யார், கண்டபோது எப்படிப் பேசினார் என்று கேட்டார்கள். அடுத்த ஸ்கேனை எப்போது எடுப்பது என்பது அதைப் பொறுத்தது.

கிறிஸ்டின் போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் கையை நீட்டி வாங்கினேன். என் பெயரைச் சொன்னேன். மூன்றரைக்கு நான்தான் கண்டேன், நாலு நாற்பது வரைக்கும் கூட இருந்தேன் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். போனை வைத்த பிறகு அறிக்கையிலும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.  கிறிஸ்டின் அந்தத் தாளைக் கோப்பில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"இந்தத் தாளை யாரும் கேட்கக் கூடாது என்று நான் சர்ச்சுக்குப் போகிறேன், நீ உன் கோயிலுக்குப் போ."

நன்றி வேண்டாம்

ரெஜ் பிழைத்துக்கொண்டார். ஒன்பது நாள் கழித்துத் தலையில் கட்டோடு திரும்பி வந்தார். எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. அது ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஜூடித் என்னைத் தேடி வந்தார். ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியை. கையில் ஓர் உறை. "உன்னைப் பற்றிக் குடிவரவு அமைச்சருக்கே கடிதம் எழுதியிருக்கிறேன். உன்னைப் போன்ற மாணவர்கள்தான் இந்த நாட்டுக்கு வேண்டும் என்று. அனுப்பும் முன் உன் பெயரின் எழுத்துகள் சரியா என்று பார்" என்றார்.

வாங்கிப் படித்தேன். என் முழுப் பெயர். இல்லத்தின் பெயர். தேதி. 'அனுமதிக்கப்பட்ட வேலை நேரம் முடிந்த பிறகும், தன் விசாவைப் பற்றிக்கூடக் கவலைப்படாமல், மாலை நான்கு நாற்பது வரை...' என்று அழகான ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். என்னைப் பிடித்துக்கொடுக்க நினைக்கிற ஒரு எதிரி உட்கார்ந்து யோசித்தாலும் இதைவிடத் தெளிவாக எழுத முடியாது.  தாழ்வாரத்திலேயே அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். அனுப்ப வேண்டாம், தயவுசெய்து வேண்டாம் என்று கெஞ்சினேன். அவருக்குப் புரியவில்லை. புரிய வைத்தேன். முகம் சிவந்துபோய், உறையை நாலாகக் கிழித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"முப்பது வருடம் பிள்ளைகளோடு இருந்திருக்கிறேன், என்னைத் தண்டிக்காதே என்று கெஞ்சியவர்கள் உண்டு, என்னைப் பாராட்டாதே என்று கெஞ்சியது நீதான் முதல் ஆள்."

காணாது

2012இல் சட்டம் மாறியது. வாரத்துக்கு இருபது என்பது போய், இரண்டு வாரத்துக்கு நாற்பது என்றானது. இந்த வாரம் கூடினால் அடுத்த வாரம் குறைத்துக்கொள்ளலாம். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நான் சிரிக்கவா அழவா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச மாதம் முன்னால் வந்திருந்தால் என் ஒரு மணி நாற்பது நிமிடம் ஒரு குற்றமே இல்லை. அந்த வருடக் கடைசியில் யோகா அக்கா வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். அங்கேயும் மணிக்கணக்கைத்தான் புலம்பிக்கொண்டிருந்தேன். நாற்பது எப்படிப் போதும், வாடகை ஏறிவிட்டது, என்று.

மேஜையில் அக்காவின் சித்தி மகன் தவமும் இருந்தார். முப்பது வயது இருக்கும். இலங்கையிலிருந்து அகதியாகப் படகில் வந்து, தடுப்பு முகாமில் இருந்துவிட்டு, தற்காலிக விசாவில் வெளியே வந்தவர். ஊரில் மின்சார வேலை செய்தவர். அவருடைய விசாவில் வேலை செய்ய அனுமதியே இல்லை. அக்கா வீட்டில் பழுதான சுவிட்ச் ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துத் துடைத்து மாட்டிவிட்டார், இனிமேல் கழற்ற ஒன்றும் இல்லை என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார். நான் பேசியதை எல்லாம் கேட்டுக்கொண்டே சோற்றைப் பிசைந்தவர், நிமிர்ந்து, கோபமே இல்லாமல் சொன்னார். 

"உங்களுக்கு நாப்பது காணாது, தங்கச்சி. எனக்கு அதில ஒரு மணித்தியாலம் தந்தாலும் நான் முதல் நாளே போய் வாசல்ல நிப்பன்."

ஆம் அல்லது இல்லை

படிப்பு முடிந்தது. அடுத்த விசாவுக்கு விண்ணப்பம். நாற்பது ஐம்பது கேள்விகள். பெயர், முகவரி, படிப்பு என்று சரசரவென்று போய்க்கொண்டிருந்த கை ஓர் இடத்தில் நின்றுவிட்டது. 'இதுவரை எந்த நாட்டிலாவது விசா நிபந்தனையை மீறியிருக்கிறீர்களா?' ஆம் அல்லது இல்லை. இரண்டு சின்னக் கட்டம்.

நாலு நாள் அந்தப் பக்கத்தைத் தாண்டவில்லை. 'இல்லை' என்று போடு, யாருக்குத் தெரியப் போகிறது என்றாள் சுபா.  இல்லை என்று போட்டுவிட்டு என்றைக்காவது அந்த அறிக்கை வெளியே வந்தால் மீறியதோடு பொய்யும் சேரும். ஆம் என்று போட்டால் இன்றைக்கே கதை முடியலாம். அப்பாவுக்குப் போன் போட்டேன். இரண்டு வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன்.  கேட்டுவிட்டு, "அந்தப் பெரியவரை அங்கேயே விட்டுட்டு வந்திருந்தா நீ எங்கிட்ட இதைச் சொல்லியே இருக்க மாட்டே" என்றார். ஐந்தாவது நாள் 'ஆம்' என்ற கட்டத்தில் குறி போட்டேன். இரண்டு பக்கம் விளக்கம் எழுதினேன். அறிக்கையின் நகலைக் கிறிஸ்டின் எடுத்துக் கொடுத்தார்.

ஏழு வாரம் எந்தப் பதிலும் இல்லை.  எட்டாவது வாரம், நான் துணி துவைக்கும் அறையில் இருந்தபோது, எண் தெரியாத ஓர் அழைப்பு. விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரி. பெண் குரல். பிறந்த தேதியைக் கேட்டார். கடவுச்சீட்டு எண்ணைக் கேட்டார். விளக்கக் கடிதம் நான் எழுதியதுதானா என்று கேட்டார். நடந்ததை மறுபடியும் சொல்லச் சொன்னார், சொன்னேன். வேறு எந்த வாரமாவது கூடியதா என்றார், இல்லை என்றேன். அதன் பிறகு அந்தப் பக்கம் தட்டச்சு செய்கிற சத்தம் மட்டும். துணி உலர்த்தும் இயந்திரம் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. நான் அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். தட்டச்சு நின்றது. குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

"ஒரு மணி நாற்பது நிமிடத்துக்காக யாரும் இரண்டு பக்கம் எழுதி நான் பார்த்ததில்லை, அது கிடக்கட்டும், அந்தப் பெரியவர் இப்போது எப்படி இருக்கிறார்?"

அந்த அழைப்பிலிருந்து பதினோராவது நாள் விசா வந்தது. இத்தனை வருடம் கழித்து யோசித்தால், வேலைக்கு வாரத்துக்கு இத்தனை மணி நேரம்தான் என்று அளந்து கொடுத்தவர்கள் பயத்துக்கும் ஓர் அளவு வைத்திருந்தால், அதை மீறி நான் முதல் வாரமே மாட்டியிருப்பேன்.